போக நினைத்தது மாபார், போய்ச் சேர்ந்தது புத்தளம்

இலங்கைத் தீவைப் பற்றி எழுதிவைத்துவிட்டுப் போன அந்நியர்களின் வரிசையை எடுத்துப் பார்த்தால், அவர்களுள் முக்கியமான சிலர் இங்கு வரும் எண்ணத்துடன் புறப்பட்டவர்களே அல்லர் என்பது தெரியவரும். வேறெங்கோ போகப் பாய் விரித்தார்கள். இடைவழியில் வானிலை கெட்டது. கடைசி நேரத்தில் வேறொரு கரையைத் தேடவேண்டியதாயிற்று. அந்தக் கரை நம்முடையதாக இருந்தது.

இதில் பெரிய அதிசயம் எதுவுமில்லை. பாய்மரக் காலத்தில் பயணத்தின் முடிவைத் தீர்மானித்தவன் மனிதன் அல்லன், காற்றுத்தான். சோழகம், வாடை, கொண்டல், கச்சான் என்று நமது கடலோடிகள் காற்றுக்குத் திசைக்கொரு பெயர் வைத்திருப்பது அழகுக்காக அல்ல. எந்தக் காற்றில் புறப்படலாம், எந்தக் காற்றில் கரையில் இருக்கவேண்டும் என்பது உயிரோடு சம்பந்தப்பட்ட விடயம். இந்து சமுத்திரத்தின் நடுவே, கிழக்கே போகும் வழியையும் மேற்கே போகும் வழியையும் மறித்துக்கொண்டு கிடக்கும் தீவு இது. வழிதவறியவர்கள் இங்கு வந்து முட்டிக்கொள்வது இயல்பே.

இப்படி வந்தவர்களில் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருபவன் லோரன்சோ டி அல்மெய்தா. இந்தியாவில் போர்த்துக்கேய அரசப் பிரதிநிதியாக இருந்தவரின் மகன். மாலைதீவு வழியாகப் போய்க்கொண்டிருந்த முஸ்லிம் வணிகரின் கப்பல்களை மறிப்பதற்காக அனுப்பப்பட்டவன், காற்றும் நீரோட்டமும் தள்ளியதால் காலியை அடைந்து, பின் கொழும்புக்கு வந்தான். அது 1505 ஆம் ஆண்டா 1506 ஆம் ஆண்டா என்ற விவாதம் இன்றும் ஓய்ந்தபாடில்லை. அந்தக் காற்று மட்டும் வீசாதிருந்தால் நமது தலைவிதியே மாறியிருக்கும் என்று பெருமூச்சு விடுபவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. கறுவாவும் முத்தும் எங்கே விளைகின்றன என்பது கொச்சியில் இருந்த போர்த்துக்கேயருக்குத் தெரியாத இரகசியம் அன்று. அந்த வருடம் வராவிட்டால் அடுத்த வருடம் வந்திருப்பார்கள். 1619 இல் யாழ்ப்பாண இராச்சியம் வீழ்ந்த பழியை ஒரு காற்றின் தலையில் போடுவது வரலாறு ஆகாது.

றொபேட் நொக்ஸின் கதை வேறுவிதமானது. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துத் துறையில் நங்கூரமிட்டிருந்த ‘ஆன்’ என்ற ஆங்கிலக் கம்பனிக் கப்பல் புயலில் சிக்கியது. கப்பலைக் காப்பாற்ற நடுப்பாய்மரத்தை வெட்டிக் கடலில் தள்ளினார்கள். பாய்மரம் இல்லாத கப்பல் எங்கே போவது? கொஞ்சம் துணியை ஏற்றிக்கொண்டு கொட்டியாரக் குடாவுக்குப் போய், புதிய மரம் நாட்டும்வரை அங்கே வியாபாரம் செய்யும்படி பணிக்கப்பட்டது. திருகோணமலைக்குத் தெற்கே, இன்று மூதூர் இருக்கும் கரை அது. அங்கு வைத்துக் கண்டி மன்னன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் கப்பல் தலைவனான மூத்த நொக்ஸையும் அவருடைய மகனையும் மேலும் பலரையும் பிடித்துச் சென்றனர். தந்தை 1661 இல் காய்ச்சலில் மாண்டார். மகன் ஏறத்தாழ 19 ஆண்டுகள் மலைநாட்டில் கழித்து, 1679 ஒக்டோபரில் ஒரு தோழனுடன் மல்வத்து ஓயா என்கிற அருவியாற்றின் ஓரமாகவே நடந்து, ஒல்லாந்தரின் அரிப்புக் கோட்டையை அடைந்தான். 1681 இல் இலண்டனில் வெளியான அவனுடைய நூலும் அதிலுள்ள தேசப்படமும் கயிலை வன்னியனின் நாட்டைத் தனியாகக் குறிக்கின்றன. அந்நாளைய வன்னியைப் பற்றி எழுதுபவர்கள் இன்றும் புரட்டும் ஆதாரம் அது. மசூலிப்பட்டினத்தில் ஒரு பாய்மரம் முறியாமல் இருந்திருந்தால் அந்த ஆதாரம் நமக்கு இல்லை.

ஆனால் நான் எழுத எடுத்துக்கொண்டது இவர்களுக்கெல்லாம் முற்பட்ட ஒருவரைப் பற்றி. யாழ்ப்பாணத்து அரசன் ஒருவனின் முன்னால் அமர்ந்து, அவனோடு பேசி, அவன் கையிலிருந்து முத்து வாங்கி, அதை எழுத்திலும் வைத்தவர். போர்த்துக்கேயர் வருகைக்கு முன் ஆரியச்சக்கரவர்த்தி ஒருவனை நேரிற் கண்டு எழுதிய அந்நியர் என்று நாம் காட்டக்கூடியவர் அவர் ஒருவரே. மொறொக்கோ நாட்டுத் தஞ்சியர் நகரில் 1304 இல் பிறந்த இப்னு பதூதா.

இவர் டில்லியில் முகம்மது பின் துக்ளக்கின் கீழ்க் காதியாக இருந்தவர். சீனத்துக்குத் தூதராக அனுப்பப்பட்டு, கள்ளிக்கோட்டையில் கப்பல் உடைந்து, பரிசுப் பொருள்களையெல்லாம் இழந்து, டில்லிக்குத் திரும்பிப் போகப் பயந்து, மாலைதீவுக்குப் போய் அங்கும் காதியானவர். அங்கே மணங்கள் செய்துகொண்டார், அதிகாரிகளோடு பிணங்கினார். 1344 ஓகஸ்ட் இறுதியில் அங்கிருந்து புறப்பட்டார். போக நினைத்த இடம் மாபார், அதாவது சோழமண்டலக் கரை. அப்போது மதுரையில் ஆட்சி செய்த சுல்தான் கியாசுத்தீன் தாமகானி இவருக்கு மணவழி உறவினர். இருவரும் ஒரே குடும்பத்துச் சகோதரிகளை மணந்தவர்கள். உறவினரிடம் போய்ப் படை பெற்றுவந்து மாலைதீவைப் பிடிப்பது இவருடைய திட்டமாக இருந்தது. அதை ஒளிக்காமல் தாமே சொல்கின்றார். ஆகவே இவரை ஊர் பார்க்கப் புறப்பட்ட சாதாரண யாத்திரிகர் என்று எண்ணிவிடக் கூடாது.

மாலைதீவிலிருந்து மாபாருக்கு மூன்று நாட் பயணம் என்பது கணக்கு. வழி தெரிந்த மாலுமி கப்பலில் இல்லை. ஒன்பது நாட்கள் அலைந்தார்கள். ஒன்பதாம் நாள் தூரத்தில் புகைத்திரள் போல ஒரு மலை வானத்தில் எழுந்து நின்றது. சிவனொளிபாதமலை. சரந்தீவுக்கு வந்துவிட்டோம் என்று அறிந்துகொண்டார்கள்.

அடுத்து நடந்ததுதான் முக்கியமானது. கப்பலில் இருந்தவர்கள் கரையை அணுக மறுத்தார்கள். இது வணிகர்கள் அச்சமின்றிப் போய்வரும் அரசனின் துறை அல்ல, இது ஆரியச்சக்கரவர்த்தியின் துறை, அவன் கொடியவன், கடலிற் கொள்ளையிடும் கப்பல்கள் உடையவன் என்றார்கள். காற்றோ மேலும் மேலும் பலத்தது. கடலில் நின்றால் மூழ்க வேண்டும், கரைக்குப் போனால் கொள்ளை போக வேண்டும். அந்நேரத்தில் இப்னு பதூதா கப்பல் தலைவனிடம், என்னைக் கரையில் இறக்கிவிடு, அரசனிடம் உனக்கு அபயம் வாங்கித் தருகின்றேன் என்றார். அவரை இறக்கிவிட்டார்கள். மாபாருக்கென்று புறப்பட்ட பயணத்தை அந்த ஒரு தீர்மானம் புத்தளத்தில் கொண்டுவந்து நிறுத்திற்று.

பத்தாலா என்று அவர் எழுதும் ஊர் புத்தளமே என்பது பெரும்பாலான ஆய்வாளரின் கருத்து. சிறிய, அழகிய ஊர். மரத்தால் ஆன மதில், மரத்தால் ஆன காவற்கோபுரங்கள். கரையெங்கும் வெள்ளம் அடித்துக்கொண்டுவந்த கறுவா மரங்கள் மலை மலையாகக் குவிந்து கிடந்தனவாம். மாபாரிலிருந்தும் மலபாரிலிருந்தும் வருபவர்கள் விலையின்றி அவற்றை எடுத்துச் சென்றார்கள். பதிலாக அரசனுக்குத் துணியும் அதுபோன்ற பொருள்களும் காணிக்கையாகக் கொடுத்தால் போதும். இங்கிருந்து மாபாருக்கு ஒரு பகலும் ஓர் இரவுமே பயணம் என்றும் எழுதுகின்றார். நீரிணையின் இரு கரைகளும் அன்று எவ்வளவு நெருக்கமாக இருந்தன என்பதற்கு இந்த ஒரு வரி போதும்.

அரசன் பாரசீக மொழி அறிந்தவன். இதை நமது சரித்திரப் பாடநூல்கள் ஏன் பெரிதாகச் சொல்வதில்லை என்று நான் பலமுறை எண்ணியதுண்டு. தன் தலைவாசலுக்கு வரும் வணிகரின் மொழியை, மொழிபெயர்ப்பாளர் தயவின்றித் தானே விளங்கிக்கொண்ட அரசன் அவன். பிறநாட்டு மன்னர்களின் கதைகளைக் கேட்டு மகிழ்ந்தான். அவன் முன்னால் முத்துக்கள் குவிந்திருந்தன. சலாபத்தில் எடுத்தவற்றை அதிகாரிகள் தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள். நீர் வந்த நாடுகளில் முத்துக்குளிப்பைக் கண்டிருக்கின்றீரா என்று கேட்டான். பாரசீகக் குடாவில் கண்டேன் என்றார் விருந்தாளி. கேள்விப்பட்டிருக்கின்றேன் என்று சொல்லிச் சில முத்துக்களைக் கையில் எடுத்து, இவை போன்றவை அங்கே உண்டா என்று கேட்டான். இவற்றுக்குத் தாழ்ந்தவற்றையே கண்டேன் என்று பதில் வந்தது. அரசனுக்கு மனம் குளிர்ந்துவிட்டது. இவை உம்முடையவை, வெட்கப்படாமல் வேண்டியதைக் கேளும் என்றான்.

அரண்மனைப் பேச்சுவழக்கில் தேர்ந்தவர் இந்தக் காதி. எந்த அரசனிடம் என்ன சொல்லவேண்டும் என்பது டில்லியில் கற்ற பாடம். என்றாலும் அவர் கேட்டது பொன்னையோ மணியையோ அல்ல. இந்தத் தீவுக்கு வந்தபின் எனக்கு ஒரே ஆசைதான், ஆதம் நபியின் பாதத்தைத் தரிசிக்க வேண்டும் என்றார். அது இலகுவான காரியம் என்றான் அரசன். பல்லக்கும் அதைச் சுமக்க ஆட்களும் கொடுத்தான். ஆண்டுதோறும் பாதயாத்திரை போகும் யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், தன் ஆட்கள் பத்துப் பேர், உணவுப்பொருள் சுமக்கப் பதினைந்து பேர் ஆகியோரையும் கூட அனுப்பினான். ஒரு முஸ்லிம் யாத்திரிகருக்குச் சைவ மன்னன் ஒருவன் பிராமணரையும் யோகிகளையும் வழித்துணையாக்கி, அவரவர் தத்தம் தெய்வத்துக்கு உரியதென்று நம்பும் ஒரே மலைக்கு அனுப்பிவைத்தான்.

கரையிற் காத்திருந்த கப்பல் தலைவன் விடயமும் சுவையானது. நீ மாபாருக்குப் போ, நான் அரசனின் கப்பலில் பின்னர் வருகின்றேன் என்று இப்னு பதூதா சொல்லியனுப்ப, ஒரு வருடமானாலும் நீர் திரும்பும்வரை இங்கிருந்து அசையேன் என்றானாம். கரையை அணுகவே நடுங்கியவன் இவன். அவன் திரும்பும்வரை என் விருந்தினனாக இருக்கட்டும் என்று அரசன் சொல்லிவிட்டான்.

மலைப்பயணத்தை முழுவதும் இங்கு எழுத இடமில்லை. சிலாபம் வழியாகச் சென்று, குனக்கார் என்ற தலைநகரை அடைந்து, பாவா வழி, மாமா வழி என்ற இரண்டு பாதைகளைப் பற்றியும், மலையேறப் பற்றிக்கொள்ளும் இரும்புச் சங்கிலிகளைப் பற்றியும் எழுதுகின்றார். குனக்கார் எது என்பதில் குருநாகல், கம்பளை, கோட்டை, இரத்தினபுரி என்று ஆய்வாளர்கள் ஆளுக்கொரு திசையில் நிற்கிறார்கள். மரத்திலிருந்து பாயும் அட்டைகளையும், அவற்றின்மேல் பிழிவதற்கென்று யாத்திரிகர் தேசிக்காய் கொண்டுபோவதையும்கூட அவர் விடவில்லை. சிவனொளிபாதமலைக் காட்டுவழியில் ஒருமுறையேனும் நடந்தவர்கள் இந்த மனிதர் உண்மையிலேயே அங்கு போயிருக்கிறார் என்பதை அந்த அட்டைகளை வைத்தே ஒப்புக்கொள்வார்கள். திரும்பும்போது தெவிநுவரை, காலி, கொழும்பு வழியாகப் புத்தளம் வந்து சேர்ந்தார். கப்பல் தலைவன் காத்திருந்தான்.

பத்திரிகைத் துறையில் நீண்ட காலத்தைக் கழித்தவன் என்ற முறையில் எனக்கு ஒரு பழக்கம் உண்டு. யார் எதைச் சொன்னாலும், இவர் அங்கே எதற்காகப் போனார் என்று முதலிற் கேட்பேன். அரசனின் புகழ் பாட வந்த புலவன் ஒன்றைக் காண்பான், நாட்டைப் பிடிக்க வந்த தளபதி இன்னொன்றைக் காண்பான். புத்தளத்தைப் பற்றி இப்னு பதூதாவுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. ஆரியச்சக்கரவர்த்தியைப் புகழ்ந்து அவர் அடையப்போவது எதுவுமில்லை. தம் மதத்தைச் சேராதவன் என்பதையும், கொடியவன் என்று கப்பலில் கேள்விப்பட்டதையும் மறைக்காமல் எழுதிவிட்டு, அதே மனிதன் தமக்குச் செய்த உபசாரத்தையும் அடுத்தடுத்து எழுதிவைத்தார். முரண்படும் இரண்டையும் ஒருசேர விட்டுச்சென்ற சாட்சியை நம்பலாம் என்பது என் அனுபவம்.

நமது ஆட்களோ அந்தச் சாட்சியை இரண்டாக வெட்டிப் பங்கு போட்டுக்கொண்டார்கள். யாழ்ப்பாண அரசின் எல்லை புத்தளம் வரை பரந்திருந்தது, அதற்குப் பெரும் கடற்படை இருந்தது என்று ஒரு சாரார் எழுதுவார்கள். ஆரியச்சக்கரவர்த்தி ஒரு கடற்கொள்ளைக்காரன் என்று மற்றச் சாரார் எழுதுவார்கள். இரண்டுக்கும் மேற்கோள் இப்னு பதூதாவே. இரு வகைக் கட்டுரைகளும் என் மேசைக்கு வந்திருக்கின்றன, இரண்டையும் செப்பனிட்டு அச்சுக்கு அனுப்பியிருக்கின்றேன். ஆனால் மூலத்தில் இருப்பது என்ன? மாபாரில் இருந்தபோது இந்த அரசனின் சிறிதும் பெரிதுமான நூறு கப்பல்களைத் தாம் கண்டதாகச் சொல்கின்றார். அப்போது யெமனுக்குப் போகவிருந்த சுல்தானின் எட்டுக் கப்பல்கள் துறையில் நின்றன. அவற்றைக் காக்க மாபாரார் ஆட்களைத் திரட்டினர். கைப்பற்ற வாய்ப்பில்லை என்று கண்டதும் வந்தவர்கள், யெமனுக்குப் போகும் எங்கள் கப்பல்களுக்குக் காவலாகவே வந்தோம் என்று சொன்னார்களாம். அந்தச் சொல் உண்மையா சாக்கா என்பதை வாசகர்களின் ஊகத்துக்கு விடுகின்றேன். யாழ்ப்பாண அரசனின் வணிகக் கப்பல்கள் யெமன்வரை போயின என்று சொன்னால் நம்பக்கூடிய நிலைமை அன்று இருந்தது என்பது மட்டும் அதிலிருந்து உறுதியாகின்றது.

எல்லை பற்றிய வாதமும் அப்படித்தான். புத்தளத்தில் அவனே அரசன், முத்துச் சலாபம் அவனுடையது. அதில் ஐயமில்லை. குனக்காரில் வேறொரு அரசன் இருந்தான் என்பதையும் அதே நூல் சொல்கின்றது. அவன் நாட்டினூடாக ஆரியச்சக்கரவர்த்தியின் பல்லக்கும் ஆட்களும் தடையின்றிப் போய்வந்தார்கள். அது செல்வாக்கா நட்பா என்பதைத் தீர்மானிக்க இந்த ஒரு சாட்சி போதாது. அந்த அரசன் யார் என்ற கேள்விக்கு மார்த்தாண்ட சிங்கையாரியன் என்று ஆய்வாளர் பலர் விடை சொல்கின்றனர். இப்னு பதூதா அவனுடைய இயற்பெயரைக் குறிக்கவில்லை. நல்லூரையோ யாழ்ப்பாணத்தையோ அவர் காணவுமில்லை. மயில்வாகனப் புலவர் யாழ்ப்பாண வைபவமாலையை எழுதியது 1736 ஆம் ஆண்டளவில், இந்தச் சந்திப்புக்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பிந்தி. அந்த நான்கு நூற்றாண்டு இடைவெளியில் முத்துக்களைத் தரம் பிரித்துக்கொண்டு ஓர் அரசன் உயிரோடு உட்கார்ந்திருக்கின்றான் என்றால், அவனை அங்கே உட்காரவைத்தது ஒரு கெட்ட காற்று.

இப்னு பதூதா கடைசியில் மாபாருக்கும் போனார். புத்தளத்திலிருந்து புறப்பட்ட கப்பலைக் காற்று மீண்டும் பிடித்துக்கொண்டது. பாறைகளைத் தப்பிய கப்பல் ஆழமற்ற நீரில் தரைதட்டிற்று. பாய்மரத்தை வெட்டினார்கள், பாரத்தைக் கடலில் எறிந்தார்கள். தம் துணைவர்களை மிதவையில் அனுப்பிவிட்டு, உடைந்த கப்பலின் பின்புறத்தில் இரவு முழுவதும் இருந்தார். விடிந்தபின் அவ்வூரார் படகு கொண்டுவந்து மீட்டார்கள்.

அங்கே தம் உறவினரான சுல்தானிடம் அவர் கண்டது வேறு. பிடிபட்டவர்களைக் கழுவேற்றுவதும் பெண்களையும் குழந்தைகளையும்கூடக் கொல்வதும் கியாசுத்தீனின் வழக்கமாக இருந்தன. ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனைப் பிடித்துக் கொன்று, தோலை உரித்து வைக்கோல் அடைத்து மதுரை மதிலில் தொங்கவிட்டிருந்தான். அது இன்னும் அங்கே தொங்குவதைக் கண்டேன் என்று எழுதுகின்றார். இப்படிப்பட்ட இழிசெயலை எந்த அரசனும் செய்ததாகத் தாம் அறிந்ததில்லை என்றும், அதனாலேயே இறைவன் அவனுடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதினார். தம் மதத்தவன், தம் உறவினன், தமக்குப் படை தர ஒப்புக்கொண்டவன் என்பதற்காக அவர் பேனாவை மடக்கிக்கொள்ளவில்லை. புத்தளத்தைப் பற்றிய அவருடைய சொல்லுக்கு நான் மதிப்பளிப்பதற்கு இது இன்னொரு காரணம். விரைவிலேயே மதுரையில் கொள்ளைநோய் பரவிற்று. சுல்தானும் இறந்தான். மாலைதீவுப் படையெடுப்பு நடக்கவேயில்லை.

புத்தளத்து முத்துக்களின் கதை மட்டும் மிஞ்சியிருக்கின்றது. மாபாரை விட்டுக் கொல்லம் போய், அங்கிருந்து மேற்குக் கரை வழியாக வடக்கே போகும்போது பன்னிரண்டு கப்பல்கள் சூழ்ந்துகொண்டு அவரைக் கொள்ளையிட்டன. இவர்கள் ஆரியச்சக்கரவர்த்தியின் ஆட்கள் அல்லர், அந்தக் கரையின் கொள்ளையர். இலங்கை அரசன் கொடுத்த முத்துக்களும் மாணிக்கங்களும் போயின. உடைகள் போயின. அணிந்திருந்த காற்சட்டை ஒன்றைத்தான் விட்டுவைத்தார்கள். கள்ளிக்கோட்டைக்குத் திரும்பிவந்து ஒரு பள்ளிவாசலுக்குள் புகுந்தார். சட்ட அறிஞர் ஒருவர் ஓர் அங்கியை அனுப்பிவைத்தார், காதி தலைப்பாகை ஒன்றை அனுப்பினார், வணிகர் ஒருவர் இன்னோர் அங்கியை அனுப்பினார்.